எவ்ளோ காத்து வைக்கணும் மாமா?

"மாமா, டிராக் ரேஸ் ஓட்டறதுக்கு டயர்ல எவ்ளோ காத்து வைக்கணும்?"

போன மே மாசம், ஒரு புதன்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு சித்தூர்லேர்ந்து அக்கா பையன் போன் பண்ணிக் கேட்ட கேள்வி இது. அங்கே சாயந்திரம் ஆறரை. நான் அப்பத்தான் குளிச்சுட்டு வந்து, ஆறிப்போன சாப்பாட்டை மைக்ரோவேவ்ல வச்சிருந்தேன். அதுக்கு அரை மணி முன்னாடிதான் குடும்ப வாட்ஸப் குரூப்புல ஒரு போட்டோ போட்டிருந்தேன். நீளமா ஒரு துண்டுச் சீட்டு, அதுல வரிசையா நம்பர். "என்னடா இது, மளிகைக் கடை பில்லா?"ன்னு அக்கா கேட்டிருந்தாள். என் வீட்டுக்காரம்மா ஒரு கும்பிடு போட்டிருந்தாங்க (அது பக்தியில போட்ட கும்பிடு இல்லைன்னு எனக்குத் தெரியும்). அந்தச் சீட்டு என்னன்னு புரிஞ்சது அக்கா பையன் ஒருத்தனுக்குத்தான்.

அவன் கேட்டான். நான் சொன்னேன். அந்தப் பதிலால என்ன ஆச்சுன்னு சொல்லத்தான் இதை எழுதறேன். முதல்ல கொஞ்சம் முன்கதை.

எனக்கு நாற்பத்தாறு வயசு. பூர்வீகம் சித்தூர். வீட்டுல தமிழ், தெருவுல தெலுங்கு. திருப்பதியில பி.காம். படிச்சேன். பாஸ்புக் என்ட்ரி போட ஆரம்பிச்ச வாழ்க்கை, இப்போ சிட்னியில ஒரு பேங்க்ல கடன் பிரிவுல போய்க்கிட்டு இருக்கு. நாள் பூராவும் அடுத்தவன் வருமானத்தையும் செலவையும் கூட்டிக் கழிச்சு "இவனுக்குக் கடன் குடுக்கலாமா"ன்னு பார்க்கறதுதான் வேலை. வேகத்துக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஹைவேயில நூத்துப்பத்துன்னு போட்டிருந்தா நூத்தஞ்சுல போற ஆள்.

இப்படிப்பட்ட என்னை ஆபீஸ்ல ஒரு வெள்ளைக்காரப் பையன்தான் ஈஸ்டர்ன் கிரீக்குக்கு இழுத்துக்கிட்டுப் போனான். டூங்கேபியில எங்க வீட்டுலேர்ந்து கொஞ்ச தூரம்தான். 2004-ல திறந்த சிட்னி டிராக்வே அங்கே இருக்கு. புதன்கிழமை ராத்திரியில, தினம் ஆபீஸுக்கு ஓட்டற காரையே கொண்டுபோய் ஓட்டிப் பார்க்கலாம். காசு கட்டணும், காரைச் சோதிப்பாங்க, முழுக்கைச் சட்டை, முழு பேண்ட், ஹெல்மெட் கட்டாயம். பக்கத்துல ஆம்புலன்ஸ் நிக்கும். நேர்கோட்டுல கால் மைல், அதாவது 402 மீட்டர். எதிர்ல கம்பத்துல மஞ்சள் விளக்கு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு அரை அரை செகண்டுல எரியும், அப்புறம் பச்சை. மிதிக்க வேண்டியதுதான். முடிவுல ஒரு சீட்டு அடிச்சுக் குடுப்பாங்க. அதுதான் அக்கா பார்த்த "மளிகை பில்".

என்னோட கார் பத்து வருஷப் பழைய கோல்ஃப் ஜிடிஐ. எஞ்சின் முன் சக்கரத்தை இழுக்கற வண்டி. முதல் நாள் பச்சை எரிஞ்சதும் மிதிச்சேன். டயர் ரெண்டும் "கீ...ச்"சுனு கத்திக்கிட்டு இருந்த இடத்துலயே சுத்துச்சு. பக்கத்து லேன்ல ஒரு அம்மா ஏதோ ஃபேமிலி வேன்ல என்னைத் தாண்டிப் போனாங்க (சிரிக்காதீங்க). "காத்து ஜாஸ்தி, குறை"ன்னான் ஆபீஸ் பையன். எவ்வளவுன்னு கேட்டேன். "நீயே கண்டுபிடி, அதுலதான் விளையாட்டே இருக்கு"ன்னான்.

கணக்குப் புள்ளைகிட்ட இப்படிச் சொன்னா விடுவேனா? ஒரு நோட்டு போட்டேன். அந்தச் சீட்டுல முதல் 60 அடி, அதாவது சுமார் 18 மீட்டர், எவ்வளவு நேரத்துல கடந்தோம்னு தனியா ஒரு நம்பர் இருக்கும். டயர் தரையைப் பிடிச்சுதா வழுக்குச்சான்னு காட்டிக் குடுக்கறது அதுதான். விளக்கைப் பார்த்து மிதிக்க நாம எடுத்துக்கற நேரம் தனிக் கணக்கு, அதை இதோட கலக்கக் கூடாது. வேற எதையும் மாத்தாம, முன் டயர் காத்தை மட்டும் மாத்தி, ஒவ்வொரு அளவுக்கும் ரெண்டு ஓட்டம் ஓடினேன். மூணு புதன்கிழமை ஆச்சு.

34 பி.எஸ்.ஐ. வச்சப்போ 60 அடிக்கு 2.45 செகண்ட். 30-க்கு 2.38. 27-க்கு 2.31. ஆஹா, இறக்க இறக்க நல்லா வருதேன்னு 24 வச்சேன். 2.36! திரும்ப ஏறிடுச்சு. ஸ்டீயரிங்கும் ஊறவச்ச அவல் மாதிரி தொளதொளன்னு ஆயிடுச்சு. ஆக, என் வண்டிக்கு, என் டயருக்கு, அந்தத் தரைக்கு 27. மொத்த நேரம் 15.17-லேர்ந்து 14.93-க்கு வந்துச்சு. பதினஞ்சுக்குக் கீழே! அந்த ராத்திரிதான் போட்டோ போட்டேன், அந்த ராத்திரிதான் போனும் வந்தது.

அவனுக்கு இதை எல்லாம் விலாவாரியா சொன்னேன். அவன்கிட்ட இருந்தது போலோ, டர்போ பெட்ரோல். அதுவும் முன்சக்கர வண்டிதான். "ஆளோட சேர்த்து 1200 கிலோன்னு வச்சுக்கோ. முன்னாடி அறுபது பர்சென்ட், 720 கிலோ. ஒரு டயருக்கு 360. பவுண்டுல சுமார் 792. ஒரு சதுர அங்குலத்துக்கு 33 பவுண்டு தாங்கற காத்து இருந்தா, 24 சதுர அங்குலம் தரையில படும். நம்ம போஸ்ட் கார்டை விடக் கொஞ்சம் பெருசு. அதையே 24 பவுண்டாக் குறைச்சா 33 சதுர அங்குலம். தரையைத் தொடற இடம் ஜாஸ்தி, பிடிப்பும் ஜாஸ்தி. இது பேப்பர்ல போடற கணக்கு. நிஜத்துல டயரோட பக்கச் சுவரும் கொஞ்சம் பாரம் தாங்கும்கறதால இவ்வளவு சுத்தமா வராது."

"அப்போ இன்னும் குறைச்சா இன்னும் நல்லதா மாமா?"

"இல்லடா. ரோட்டு டயருக்கு ஒரு அளவு இருக்கு. அதுக்குக் கீழே போனா நடுப்பகுதி உள்வாங்கிடும், ரெண்டு ஓரம் மட்டும்தான் தரையில நிக்கும். பிடிப்பு குறைஞ்சுடும். பின் டயர் சும்மா உருள்ற டயர். அதுல ரெண்டு மூணு ஏத்தியே வச்சா உருள்றது சுலபம், ஆனா டயர் மேல போட்டிருக்கற உச்ச அளவைத் தாண்டக் கூடாது. கிளம்பற நேரத்துல பாரம் பின்னாடி சாயும், முன் சக்கரம் லேசாகும். அதனாலதான் நம்ம வண்டிக்கு இவ்வளவு பாடு."

"நம்பர் மட்டும் சொல்லுங்க மாமா."

"முன்னாடி 27. பின்னாடி 36."

உண்மையைச் சொல்றேன். அன்னிக்கு எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்தது. வெளிநாட்டு மாமான்னா சாக்லேட், லேப்டாப், ஏர்போர்ட்டுல பெரிய பெட்டி, அவ்வளவுதானே? போன்ல "எப்படிடா இருக்கே", "நல்லா இருக்கேன் மாமா"வுக்கு மேல பேச்சு ஓடாது. இருபத்திரண்டு வயசுப் பையன் முக்கால் மணி நேரம் என்கிட்ட பேசினான். தட்டுல இருந்த சாப்பாடு மறுபடி ஆறிப்போனதுகூடத் தெரியலை.

அவ்வளவு பேசினேனே தவிர, ஒண்ணு கேட்கலை. "எங்கேடா ஓட்டப் போறே?"

பத்து நாள் கழிச்சு ஞாயித்துக்கிழமை மத்தியானம் அக்கா போன். குரல் வரலை. அவங்க வீட்டுக்காரர் வாங்கிப் பேசினார். பையன் விடியக்காலை நாலு மணிக்கு காரை எடுத்துக்கிட்டு திருப்பதி ரோட்டுல போயிருக்கான். சந்திரகிரி பக்கம் ஃப்ரெண்ட்ஸ் காத்திருந்தாங்களாம். புது நெடுஞ்சாலை, நல்ல அகலம், அந்த நேரத்துக்கு வண்டியும் குறைச்சல். நாலு கார், ஜோடி ஜோடியா ஓட்டியிருக்காங்க. முடிச்சுட்டு வீட்டுக்குத் திரும்பி வரும்போது பூதலப்பட்டு கிட்ட முன்பக்க இடது டயர் வெடிச்சுது. வண்டி நடுத் தடுப்புல மோதி, ஒரு சுத்து சுத்தி நின்னுருக்கு. பின்னாடி வந்த ஆர்டிசி பஸ் டிரைவர் சமாளிச்சு நிறுத்தினார். பஸ்ல இருந்த ஜனங்கதான் கதவைத் திறந்து இவனை வெளியே எடுத்தாங்க. சீட் பெல்ட் போட்டிருந்தான். வலது மணிக்கட்டு எலும்பு முறிவு, நெத்தியில தையல். அவ்வளவோட போச்சு.

"அவ்வளவோட போச்சு"ன்னு இப்போ எழுதறேன். அன்னிக்கு ராத்திரி தூங்கலைங்க. எக்ஸ்ரே எடுத்து முதலுதவி ஆனதும், எங்க ஊர் வழக்கப்படி, புத்தூருக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. புத்தூர் கட்டு தெரியாத தமிழன் யாரு? பச்சிலையும் முட்டை வெள்ளைக்கருவும் தடவி, மூங்கில் தப்பை வச்சுக் கட்டின கையோட அவன் ஒரு போட்டோ அனுப்பினான். கீழே ஒரு வரி: "ஸாரி மாமா." என்கிட்ட அவன் எதுக்கு ஸாரி சொல்லணும்? நான்தானே சொல்லணும்? நம்பர் நான் குடுத்ததுன்னு அக்காவுக்குத் தெரியாது. அவனும் சொல்லலை. நானும் சொல்லலை. ஏழு மாசம் சொல்லலை.

டிசம்பர்ல பிள்ளைங்களுக்கு லீவு விட்டதும் ஊருக்குப் போனோம். முதல் நாள் சாயந்திரமே நைனா (எங்க பக்கம் நிறைய வீட்டுல அப்பாவை நைனான்னுதான் கூப்பிடுவோம்) "வாங்கடா, கடைப்பக்கம் போயிட்டு வரலாம்"னு என்னையும் அவனையும் கிளப்பினார். கடைன்னா இப்போ ஒண்ணும் இல்லை. பழைய பெங்களூர் ரோட்டுல ஒரு தகரக் கொட்டாய், துருப்பிடிச்ச கம்ப்ரஸர், வாசல்ல பாதி புதைச்ச ஒரு லாரி டயர். பைபாஸ் வந்து லாரி எல்லாம் அந்தப் பக்கம் போனதும் மூடினது. அதுக்கு முன்னாடி முப்பது வருஷம் அந்த டயர் கடைதான் எங்களுக்குச் சோறு போட்டுது, என்னை பி.காம். படிக்க வச்சுது.

அந்தக் கடைக்கு ஒரு கதை உண்டு. தெலுங்குல காத்துக்குக் 'காலி'ன்னு பேரு. முதல் எழுத்தை 'கங்கை'யில வர்ற மாதிரி சொல்லணும். காத்தடின்னு சொல்றதுக்கு 'காலி கொட்டு'. வேலூர் பக்கத்துலேர்ந்து புதுசா வேலைக்கு வந்த ஒரு தமிழ்ப் பையன்கிட்ட லாரி டிரைவர் 'காலி கொட்டு'ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டார். பையன் யோசிச்சான். காலி... கொட்டு... சரி, காலி பண்ணிக் கொட்டச் சொல்றார் போலன்னு ஆறு டயர்லயும் காத்தைப் பிடுங்கி விட்டுட்டான்! டிரைவர் வந்து பார்த்தா லாரி சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கு. நைனா இதைச் சொல்லாத விசேஷமே எங்க வீட்டுல கிடையாது. அன்னிக்கும் ஆரம்பிச்சார். பேரன் சிரிக்கலை. தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

"சரி, சொல்லு. எவ்ளோ வச்சே?"ன்னார்.

நான் தரையைப் பார்த்தேன். அவன் என்னை ஒரு தடவை பார்த்துட்டு, "பதினெட்டு தாத்தா"ன்னான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. "நான் 27-ன்னு தானேடா சொன்னேன்?" வாயிலேர்ந்து வந்துடுச்சு. ஏழு மாச ரகசியம் அந்தக் கொட்டாய்ல அப்படித்தான் உடைஞ்சுது. நைனா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒண்ணும் சொல்லலை.

நடந்தது இதுதான். அங்கே வந்த ஒருத்தன், "27 எல்லாம் வேஸ்ட், வீடியோவுல 18 வைக்கறாங்க"ன்னு சொல்லியிருக்கான். வீடியோக்காரர் பொய் சொல்லலை. டிராக் பந்தயத்துக்குன்னே செய்யற ரேடியல் டயருக்கு 15-லேர்ந்து 20 வரைக்கும் வைக்கறது உண்டு. அந்த டயரோட பக்கச் சுவர் அதுக்காகவே மடங்கிக் குடுக்கற மாதிரி செஞ்சது. இவன் வண்டியில இருந்தது நம்ம ரோட்டுல லட்சம் வண்டியில இருக்கற சாதாரண டயர். அதனால 18-ல பிடிப்பும் கிடைக்கலை, அவன் தோத்துதான் போனான்.

நைனா அடுத்த கேள்வி கேட்டார். "காத்தை எப்போ எறக்கினே? வண்டி நின்னு ஆறினப்புறமா?"

"இல்லை தாத்தா. போய்ச் சேர்ந்த உடனே."

"சித்தூர்லேர்ந்து அவ்ளோ தூரம் விரட்டிக்கிட்டுப் போய், சூட்டோட எறக்கினியா?" கிழவர் தலையில அடிச்சுக்கிட்டார். "அது பதினெட்டு இல்லடா. அதுக்கும் கீழே."

ராத்திரி மாடியில உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். காலையில வெளியே 27 டிகிரி, ஓடின டயருக்குள்ள 57 டிகிரின்னு வச்சுக்குங்க. காட்டின 18-ஓட வெளிக்காத்து அழுத்தம் 14.7-ஐச் சேர்த்தா 32.7. அதை 330-ஆல வகுத்து 300-ஆல பெருக்கினா (பள்ளிக்கூடத்துல படிச்ச கெல்வின் கணக்குதான்) 29.7. திரும்ப 14.7-ஐக் கழிச்சா சரியா 15. ஆறின டயருக்கு 33 இருக்க வேண்டிய வண்டி, பாதிக்கும் குறைவான காத்தோட வீட்டுக்குக் கிளம்பியிருக்கு. காத்து குறைஞ்ச டயர் ஒவ்வொரு சுத்துக்கும் மடங்கி நிமிரும். மடங்கி நிமிர்ந்தா சூடு. நூறு, நூத்திருபதுல ஓட்டினா அந்தச் சூடு வெளியே போக நேரமே கிடைக்காது. பக்கச் சுவர் உள்ளுக்குள்ளயே பிரிய ஆரம்பிச்சுடும். டயரைக் கெடுத்தது அந்தப் பதினஞ்சு செகண்ட் ரேஸ் இல்லை. அதுக்கப்புறம் வீட்டுக்கு வந்த அரை மணி நேரம்.

அவன் ஃப்ரெண்டுகிட்ட சின்ன பம்ப் இருந்ததாம். "வீட்டுக்குத்தானே போறோம், அங்கே போய் அடிச்சுக்கலாம்"னு விட்டுட்டான்.

நைனா கொட்டாய்ல சொன்னதை அப்படியே எழுதறேன். "மொகிலி கணவாய் எறங்கி வர்ற லாரிக்காரன் டயர் கொதிக்குதுன்னு காத்தைக் கொஞ்சம் எறக்கச் சொல்லுவான். எறக்க மாட்டேன். டீ குடிச்சுட்டு வா, ஆறட்டும், அப்புறம் அளக்கலாம்பேன். கோவிச்சுக்கிட்டு அடுத்த கடைக்குப் போனவனும் உண்டு. காத்து எவ்ளோன்னு கேக்கறவனை, எங்கே போறே, என்ன லோடுன்னு முதல்ல கேக்கணும். அதைக் கேட்டுட்டுதான் நான் ஹோஸையே கையில எடுப்பேன். மாங்கா லோடோட பலமனேர் ஏறப் போறவனுக்கும், காலியா வேலூர் போறவனுக்கும் ஒரே காத்தா?"

எனக்கு யாரோ கன்னத்துல வச்ச மாதிரி இருந்தது. கடன் கேட்டு வர்றவன்கிட்ட "எதுக்குக் கேக்கறீங்க"ன்னு கேட்காம ஒரு பைசா சாங்ஷன் பண்ணாதவன் நான். பாலன்ஸ் ஷீட்டுல மேலயே போட்டிருக்கும், 'மார்ச் 31 அன்று உள்ளபடி'ன்னு. அந்தத் தேதியை விட்டுட்டு நம்பரை மட்டும் எடுத்துக்கிட்டா அதுக்கு அர்த்தமே இல்லை. என்னோட 27-ம் அப்படித்தான். ஈஸ்டர்ன் கிரீக் தரையில, ஆறின டயருல, 402 மீட்டருக்கு. கூடவே ஒரு சங்கதி. ஒவ்வொரு புதன்கிழமையும் கேட்டைத் தாண்டறதுக்கு முன்னாடி நான் திரும்ப 34-க்கு காத்தடிச்சுட்டுத்தான் ரோட்டுக்கு வருவேன். அது எனக்குப் பல் தேய்க்கற மாதிரி பழகிப்போனதால, அவன்கிட்ட சொல்லணும்னே தோணலை. முக்கால் மணி நேரம் பேசினதுல விட்டுப்போனது அந்த ஒரு வரிதான்.

நைனா ஓட்டப்பந்தயத்துக்கு எதிரி இல்லைங்க. 1980-கள்ல ஒரு தடவை லாரியில தொத்திக்கிட்டு சோழவரம் போய் கார் ரேஸ் பார்த்துட்டு வந்தவர். இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளம் அது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் வருஷா வருஷம் பந்தயம் நடத்திக்கிட்டு இருந்தது, 1990-ல இருங்காட்டுக்கோட்டையில சொந்தத் தடம் வர்ற வரைக்கும். அந்தத் தடத்துல பைக்குகளுக்கு தேசிய டிராக் சாம்பியன்ஷிப்பே நடந்திருக்கு. "ஓட்டணும்னா அங்கே போய் ஓட்டு. எதிர்ல எருமை வராது, பின்னாடி பஸ் வராது"ன்னார். சட்டமும் அதைத்தான் சொல்லுது. பொது ரோட்டுல ரேஸ் ஓட்டினா மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவு. 2019 திருத்தத்துக்கு அப்புறம் முதல் தடவைக்கே மூணு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லேன்னா 5000 ரூபாய் வரைக்கும் அபராதம், இல்லேன்னா ரெண்டும். ஆனா பையன் தலையை நிமிர்த்திக் கேட்டது சட்டத்தை இல்லை, அந்த எருமையையும் பஸ்ஸையும்தான். அந்த பஸ்ல நாற்பது பேர் இருந்தாங்கன்னு அவனே மெதுவாச் சொன்னான்.

அன்னிக்கு ராத்திரி தோசைக்கல்லுகிட்ட நின்னு அக்காவுக்குச் சொல்லிட்டேன். "அந்த நம்பரை முதல்ல குடுத்தது நான்தான்க்கா."

அக்கா திரும்பலை. தோசையைத் திருப்பிப் போட்டாள். கொஞ்ச நேரம் கழிச்சு, "அவன் அப்பவே சொல்லிட்டான்டா. புத்தூர்லேர்ந்து வர்ற வழியில. மாமாவைத் திட்டாதம்மான்னான்"னாள். அப்புறம், "காத்தைச் சொல்லிக் குடுத்தவன், ரோட்டையும் சொல்லிக் குடுத்திருக்கலாம் இல்லே?"ன்னு கேட்டுக்கிட்டே என் தட்டுல இன்னொரு தோசையைப் போட்டாள். ஏழு மாசம் நான் ஒளிச்சு வச்சிருந்தது எல்லாருக்கும் தெரிஞ்சே இருந்திருக்கு. சாப்பிட்டேன். வேற என்ன பண்றது?

ஊர்லேர்ந்து கிளம்பறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி எல்லாரும் திருமலைக்குப் போனோம். அவன்தான் ஓட்டினான். கை சரியாகி அன்னிக்குத்தான் முதல் தடவை தூரமா ஓட்டறான். காலையில கிளம்பறதுக்கு முன்னாடி, டயர் சில்லுன்னு இருக்கும்போதே அவனே நாலு டயரும் அளந்தான். ஆறு பேர், மூட்டை முடிச்சு, மலை ஏத்தம். "தாத்தா, லோடு ஜாஸ்தி, கதவுல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல ஃபுல் லோடுக்குன்னு தனி நம்பர் இருக்கு, அதையே வைக்கவா?"ன்னான். நைனா என்னைப் பார்த்து லேசாச் சிரிச்சார்.

அலிபிரி செக் போஸ்டுல நேரம் குறிச்சு விடுவாங்க. மேலே ஏற 28 நிமிஷத்துக்குக் குறையக் கூடாது, இறங்க 40 நிமிஷத்துக்குக் குறையக் கூடாதுன்னு தேவஸ்தானம் வச்ச விதி. நாங்க கொஞ்சம் முன்னாடியே மேலே வந்துட்டோம்னு தெரிஞ்சதும் அவன் ஓரமா நிறுத்திட்டான். முன்னாடியும் நாலஞ்சு வண்டி அதே மாதிரி நேரத்தைக் கழிச்சுக்கிட்டு நின்னுது. "மாமா, உங்க ஊர்ல சீக்கிரம் போனா சீட்டுக் குடுக்கறாங்க, எங்க ஊர்ல சீக்கிரம் போனா ஃபைன் போடறாங்க"ன்னான். கார்ல எல்லாரும் சிரிச்சோம். மே மாசத்துக்கு அப்புறம் அக்கா அவன் ஓட்டற வண்டியில உட்கார்ந்து சிரிச்சது அன்னிக்குத்தான்.

இதைப் படிக்கற உங்க வீட்டுலயும் வண்டிப் பைத்தியம் பிடிச்ச ஒரு பையனோ பொண்ணோ இருக்கலாம். ஊர்லேர்ந்து உங்ககிட்ட கேட்கலாம். அப்போ சொல்றதுக்கு, என் நோட்டுலேர்ந்து:

1. முதல் கேள்வி 'எங்கே'. பந்தயத் தடம்னா மட்டும் மேலே பேசுங்க.

2. கதவு ஓரத்துல ஒட்டியிருக்கற அளவுலேர்ந்து ஆரம்பிக்கணும். இழுக்கற சக்கரத்துல மட்டும் ரெண்டு ரெண்டாக் குறைச்சு, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ஓட்டம். 60 அடி நேரம் திரும்ப ஏற ஆரம்பிச்சா அங்கேயே நிறுத்திக்கணும். சாதாரண ரோட்டு டயருக்குப் பெரும்பாலும் 26, 28 பக்கத்துலயே அது வந்துடும். 24-க்குக் கீழே போய் ஒண்ணும் கிடைக்காது.

3. ஆறின டயர், ஒரே கேஜ். டயர் சுமார் ஆறு டிகிரி சூடானா ஒரு பி.எஸ்.ஐ. ஏறும். சூட்டுல அளந்தது வேற நம்பர்.

4. அடுத்தவன் நம்பர் அடுத்தவன் டயருக்கு. மாமா நம்பரா இருந்தாலும் சரி.

5. கேட்டைத் தாண்டறதுக்கு முன்னாடி காத்தைத் திரும்ப அடிச்சுடணும். பம்ப் இல்லாம போகவே கூடாது.

இந்த அஞ்சாவதைத்தான் நான் முதல்ல சொல்லியிருக்கணும்.

இப்போ ஒவ்வொரு ஞாயித்துக்கிழமை காலையும் குடும்ப குரூப்புல ஒரு போட்டோ வருது. டயர் வால்வுல மாட்டின கேஜ், 33. அக்கா அதுக்கு ஒரு கும்பிடு போடறாள். என் வீட்டுக்காரம்மா போட்ட கும்பிடு மாதிரி இல்லை, இது நிஜக் கும்பிடு.

நான் இன்னும் புதன்கிழமை போறேன். 14.93-ஐ இன்னும் தாண்ட முடியலை :-)

பி.கு: "அடுத்த தடவை நான் சிட்னி வந்தா என்னையும் அங்கே கூட்டிக்கிட்டுப் போவீங்களா மாமா?"ன்னு கேட்டிருக்கான். விசாவுக்கு ஏற்பாடு பண்ணிக்கிட்டு இருக்கேன். ஹெல்மெட் வாங்கிட்டேன். அக்காகிட்ட இந்தத் தடவை முன்கூட்டியே சொல்லிட்டேன்.